செல் சவ்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடப்புத்தகத்தில் செல் சவ்வுக்கு அரைப் பக்கம் ஒதுக்குவார்கள். "செல்லைச் சூழ்ந்திருக்கும், தேவையானதை உள்ளே விடும், தேவையில்லாததைத் தடுக்கும்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். எப்படித் தடுக்கிறது, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் விஷயம் சூடுபிடிக்கும். மாணவர்களும் மற்றவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

செல் சவ்வு என்றால் என்ன? ஒரே வரியில் சொல்லுங்கள்.

செல்லின் உள்ளே இருப்பதையும் வெளியே இருப்பதையும் பிரித்துவைக்கும், புரதங்கள் பதிந்த, மிக மெல்லிய எண்ணெய்ப் படலம். பிளாஸ்மா சவ்வு, உயிரணுச் சவ்வு, கலமென்சவ்வு என்று வெவ்வேறு பெயர்களில் பார்த்திருப்பீர்கள். எல்லாம் ஒன்றுதான்.

செல் சுவரும் செல் சவ்வும் ஒன்றுதானே?

இல்லை. சுவர் தாவரங்களுக்கும் பூஞ்சைகளுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கும் உண்டு, விலங்கு செல்களுக்குக் கிடையாது. சவ்வு எல்லா உயிர்களுக்கும் உண்டு. சவ்வு இல்லாத செல் என்று ஒன்று இதுவரை யார் கண்ணிலும் பட்டதில்லை.

இரண்டின் வேலையும் வேறு. தாவரச் சுவர் செல்லுலோஸ் இழைகளால் பின்னிய கூடை மாதிரி. செல் வெடித்துவிடாமல் தாங்கும், வடிவம் கொடுக்கும். ஆனால் சிறு மூலக்கூறுகள் அதன் இடைவெளிகளில் தாராளமாகப் போய்வரும். காவல் வேலை சவ்வுடையது.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பீட்ரூட்டைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டுப்பட்ட செல்களிலிருந்து சிவப்புச் சாயம் வழியும். அது நிற்கும்வரை குளிர்ந்த நீரில் அலசுங்கள். இப்போது மேலே இருப்பவை பெரும்பாலும் உடையாத செல்கள். சில துண்டுகளைச் சாதாரண நீரிலும், சிலவற்றை 70 டிகிரி வெந்நீரிலும் போட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். சாதாரண நீர் ஏறக்குறைய நிறமில்லாமல் இருக்கும், வெந்நீர் அடர் சிவப்பாகிவிடும். அந்தச் சாயம் செல்லின் நடுவே உள்ள நுண்குமிழுக்குள் இருக்கிறது. வெளியே வர வேண்டுமானால் நுண்குமிழின் சவ்வையும் செல் சவ்வையும் தாண்டியாக வேண்டும். வெந்நீரில் சுவர் அப்படியேதான் இருக்கிறது. குலைந்தது அந்த இரண்டு சவ்வுகள்தான். அவை போனதும் சுவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எவ்வளவு தடிமன்? நுண்ணோக்கியில் தெரியுமா?

கொழுப்பு அடுக்கு மட்டும் 4 முதல் 5 நானோமீட்டர். நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களையும் சேர்த்தால் 7 முதல் 10. பத்தாயிரம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஏறக்குறைய ஒரு தாளின் தடிமன் வரும். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. எனவே ஆய்வகத்தில் வெங்காயத் தோலில் நாம் பார்த்து வரைகிற கோடு சவ்வு இல்லை, சுவர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் சவ்வு தெரியும்: இரண்டு கருங்கோடுகள், நடுவே வெளிர் பட்டை, ரயில் தண்டவாளம் மாதிரி.

தண்ணீருக்கு நடுவே எண்ணெய்ப் படலம் எப்படிக் கலையாமல் நிற்கிறது?

நல்ல கேள்வி. செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். சவ்வின் மூலக்கூறுகளுக்கு இடையே ஆணியும் இல்லை, பசையும் இல்லை. பிறகு எது பிடித்துவைத்திருக்கிறது?

தண்ணீர்தான். சவ்வின் அடிப்படைக் கல் பாஸ்போலிப்பிடு என்ற மூலக்கூறு. அதற்கு ஒரு தலை, இரண்டு வால்கள். தலையில் மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட் இருப்பதால் தண்ணீரோடு ஒட்டி உறவாடும். வால்கள் நீளமான கொழுப்பமிலச் சங்கிலிகள், பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் அணுக்கள் கொண்டவை. அவற்றுக்கும் தண்ணீருக்கும் ஒட்டாது. தண்ணீர் மூலக்கூறுகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் கைகோத்துக்கொண்டே இருப்பவை. நடுவில் ஒரு வால் வந்து நின்றால், அதைச் சுற்றிக் கைகோக்க முடியாமல் தண்ணீர் நெளிய வேண்டியிருக்கிறது. வால்கள் எல்லாம் ஓரிடத்தில் ஒதுங்கிக்கொண்டால் அந்தத் தொல்லை குறைகிறது. வால்களுக்குள் பெரிய பாசம் இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை, தண்ணீர் அவற்றை ஒதுக்கிவைக்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டுக்குத் தோதான வடிவம் இரட்டை அடுக்கு: தலைகள் இரண்டு பக்கமும் தண்ணீரைப் பார்க்க, வால்கள் நடுவில் மறைந்துகொள்ளும். ஆனால் ஒரு தாளுக்கு ஓரம் இருக்குமே, அங்கே வால்கள் வெளியே தெரியுமே? தெரியும். அதனால் ஓரங்கள் தாமாகவே வளைந்து சேர்ந்து மூடிய பையாகிவிடும். சோப்புக்கு ஒரே வால் என்பதால் அது கூம்பு மாதிரி. கூம்புகளைச் சேர்த்தால் சின்ன உருண்டைதான் வரும். பாஸ்போலிப்பிடுக்கு இரண்டு வால்கள் இருப்பதால் உருளை வடிவம், அடுக்கினால் தட்டையான விரிப்பு வரும். ஒரு வால் கூடுவதிலும் குறைவதிலும் செல் சவ்வா, சோப்பு நுரையா என்பது முடிவாகிறது!

1960-களில் இங்கிலாந்தில் அலெக் பங்காம் பாஸ்போலிப்பிடை வெறும் நீரில் கலந்தபோது, யார் உதவியும் இல்லாமல் நுண்ணிய பைகள் உருவானதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். இன்று லிபோசோம் என்ற பெயரில் மருந்துகளை ஏற்றி அனுப்புவது அந்தப் பைகளில்தான்.

இரண்டு அடுக்குதான் என்று எப்படித் தெரிந்தது?

சவ்வை யாரும் கண்ணால் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அளந்துவிட்டார்கள். கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

பெஞ்சமின் பிராங்க்ளின் லண்டனில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்றினார். அது அரை ஏக்கர் அளவுக்குப் பரவி நீரைக் கண்ணாடிபோல் ஆக்கியது என்று 1774-இல் எழுதினார். 5 மில்லிலிட்டரை 2,000 சதுர மீட்டரால் வகுத்துப் பாருங்கள்: 2.5 நானோமீட்டர். ஒரே ஒரு மூலக்கூறின் உயரம்! பிராங்க்ளின் அந்தக் கணக்கைப் போடவில்லை. மூலக்கூறு எவ்வளவு பெரியது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

அப்புறம் ஜெர்மனியில் ஆக்னஸ் பாக்கல்ஸ். பல்கலைக்கழகத்துக்குப் போகும் வாய்ப்பு இல்லாத பெண். பாத்திரம் கழுவும்போது நீர்ப்பரப்பு நடந்துகொள்ளும் விதத்தைக் கவனித்து, தகரத் தொட்டி ஒன்றை வைத்துத் தானே கருவி செய்து பரப்பு இழுவிசையை அளந்தார். அவர் எழுதிய கடிதத்தை ரேலி பிரபு 'நேச்சர்' இதழுக்கு அனுப்ப, 1891-இல் அச்சானது. இர்விங் லாங்மியூர் பின்னாளில் பயன்படுத்திய புகழ்பெற்ற தொட்டி இதன் வழிவந்ததுதான். பெயர் மட்டும் லாங்மியூருக்குப் போய்விட்டது.

1925-இல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் அதே மாதிரித் தொட்டியைக் கையில் எடுத்தார்கள். ரத்தச் சிவப்பணுக்களைத் தேர்ந்தெடுத்தது கெட்டிக்காரத்தனம். பாலூட்டிகளின் சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, உள்சவ்வுகளும் இல்லை. கிடைக்கும் கொழுப்பு எல்லாம் வெளிச்சவ்வைச் சேர்ந்தது. கொழுப்பைப் பிரித்தெடுத்து நீர்மேல் ஒரு மூலக்கூறு தடிமனுக்குப் பரப்பினார்கள். அது அடைத்த பரப்பு, செல்களின் மொத்தப் பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. ஆக, இரண்டு அடுக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர்கள் இரண்டு தவறுகள் செய்திருந்தார்கள். பயன்படுத்திய அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் வெளியே எடுக்கவில்லை. காய்ந்து சுருங்கிய செல்லை அளந்ததால் பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை சரியாக வந்து நின்றது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தவறு இது.

1935-இல் டேனியலி, டாவ்சன் இருவரும் கொழுப்புக்கு இருபுறமும் புரதப் பூச்சு இருப்பதாக ஒரு மாதிரியை முன்வைத்தார்கள். அது முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சியது. 1972-இல் சிங்கர், நிக்கல்சன் இருவரும் அதை மாற்றி எழுதினார்கள்: புரதம் பூச்சாக இல்லை, கொழுப்புக்குள்ளேயே பதிந்து மிதக்கிறது. பாய்ம மொசைக் மாதிரி என்று நாம் படிப்பது இதைத்தான். சில திருத்தங்களோடு இன்றும் நிலைத்திருக்கிறது.

சவ்வு பாய்மம் என்கிறார்களே, அப்படியானால் ஒழுகிவிடாதா?

பக்கவாட்டில் பாயும், குறுக்கே பாயாது. அதுதான் சூட்சுமம்.

ஒரு பாஸ்போலிப்பிடு மூலக்கூறு தன் பக்கத்து மூலக்கூறோடு ஒரு வினாடிக்குச் சுமார் ஒரு கோடி முறை இடம் மாற்றிக்கொள்ளும். ஒரு பாக்டீரியாவின் நீளத்தை ஒரு வினாடியில் கடந்துவிடும். ஆனால் மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குக் குதிக்கச் சொன்னால் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் ஆகும். காரணம் எளிது: தண்ணீர்ப் பிரியரான தலை, எண்ணெய்க்கு நடுவே புகுந்து போக வேண்டும். அவசரமாக மாற்றியாக வேண்டுமென்றால் அதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன.

புரதங்களும் மிதக்கின்றன என்பதை 1970-இல் பிரை, எடிடின் இருவரும் காட்டினார்கள். எலி செல்லையும் மனித செல்லையும் ஒன்றாக இணைத்தார்கள். எலியின் புரதங்களுக்கு ஒரு நிற ஒளிர்சாயம், மனிதப் புரதங்களுக்கு வேறு நிறம். இணைந்த உடனே பாதி ஒரு நிறம், பாதி இன்னொரு நிறம். 37 டிகிரியில் நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால் இரண்டும் கலந்து சவ்வு முழுவதும் பரவியிருந்தன. குளிரவைத்தால் கலப்பது மந்தமானது.

எல்லாப் புரதமும் இப்படிச் சுதந்திரமாக அலைவதில்லை. பலவற்றை உள்ளேயிருக்கும் எலும்புக்கூடு போன்ற இழைகள் பிடித்துக் கட்டியிருக்கும். சிவப்பணுவின் உட்புறம் ஸ்பெக்ட்ரின் என்ற புரத வலை உண்டு. தன்னைவிடக் குறுகிய தந்துகிக்குள் (மிக நுண்ணிய ரத்தக்குழாய்) நசுங்கிப் புகுந்து, வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்கு வருவது அந்த வலையின் உதவியால்தான். அந்தப் புரதத்தில் பிறவிக் குறை இருந்தால் செல் உருண்டையாகிவிடும். மண்ணீரல் அவற்றைப் பிடித்து அழித்துவிட, ரத்தசோகை வரும்.

கொலஸ்ட்ரால் கெட்டது என்கிறார்கள், சவ்வில் அதற்கு என்ன வேலை?

கொலஸ்ட்ரால் இல்லாமல் நம் செல்கள் இயங்காது. சில சவ்வுகளில் ஒரு பாஸ்போலிப்பிடுக்கு ஒரு கொலஸ்ட்ரால் என்ற அளவுக்கு இருக்கும். வால்களுக்கு இடையே உள்ள சந்துகளில் புகுந்து நிற்கும் விறைப்பான மூலக்கூறு அது. உடல் வெப்பநிலையில் வால்கள் கண்டபடி ஆடாமல் அடக்கும், சிறு மூலக்கூறுகள் கசிவதைக் குறைக்கும். குளிரில் வால்கள் நெருங்கி உறைந்துபோகாமலும் தடுக்கும்.

ரத்தப் பரிசோதனையில் "கெட்ட கொலஸ்ட்ரால்" என்று குறிப்பிடுவது ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்துபோகும் ஒரு வகைத் துகளை. மூலக்கூறு ஒன்றேதான், இருக்கும் இடம்தான் வேறு.

பூஞ்சைகளின் சவ்வில் கொலஸ்ட்ராலுக்குப் பதில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. இந்தச் சின்ன வித்தியாசம்தான் மருத்துவருக்குப் பிடி. ஆம்போடெரிசின் பி என்ற மருந்து எர்கோஸ்டெராலைத் தேடிப் பிடித்துப் பூஞ்சையின் சவ்வைக் குலைக்கிறது. கொலஸ்ட்ராலோடும் ஓரளவு ஒட்டும் என்பதால் நோயாளிக்கும் பக்கவிளைவுகள் வரும்.

குளிர்நீரில் வாழும் மீனின் சவ்வு உறைந்துவிடாதா?

உறையாது. வால்களில் இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் ஒரு வளைவு விழும். வளைந்த வால்களை நெருக்கி அடுக்க முடியாது. வெண்ணெய் கெட்டியாகவும் தாவர எண்ணெய் திரவமாகவும் இருப்பதும் இதே காரணத்தால்தான். குளிரில் வாழும் மீன்களும் பாக்டீரியாக்களும் இத்தகைய நிறைவுறாக் கொழுப்பமிலங்களைச் சவ்வில் கூட்டிக்கொள்கின்றன.

எது தானாக நுழையும், எது நுழையாது?

ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு போன்ற சிறிய, மின்னூட்டமில்லாத மூலக்கூறுகள் கேட்காமலே நுழைந்துவிடும். கொழுப்பில் கரையும் ஸ்டீராய்டு ஹார்மோன்களும் அப்படியே. 1890-களின் இறுதியில் எர்னஸ்ட் ஓவர்ட்டன் நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்களைச் செல்கள்மீது சோதித்து, எண்ணெயில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ அவ்வளவு வேகமாக நுழைகிறது என்று கண்டார். சவ்வு கொழுப்புத் தன்மையுடையது என்ற முதல் துப்பு அங்கிருந்துதான் கிடைத்தது.

குளுக்கோஸ், அமினோ அமிலம் போன்றவை தானாக நுழைவது மிகக் கடினம். அயனிகள் ஏறக்குறைய முடியவே முடியாது. சோடியம் அயனி மிகச் சிறியதுதான். ஆனால் அது தனியாக இருப்பதில்லை, தண்ணீர் மூலக்கூறுகள் மொய்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கூட்டத்தை உதறிவிட்டு எண்ணெய்க்குள் இறங்க ஆற்றல் நிறைய வேண்டும். வெறும் கொழுப்பு அடுக்கில் தண்ணீர் நுழையும் வேகத்தோடு ஒப்பிட்டால் சோடியம் நுழைவது நூறு கோடி மடங்கு மெதுவு.

தண்ணீர் எப்படிப் போய்வருகிறது?

கொழுப்பு வழியாகவே கொஞ்சம் கசியும். சிவப்பணுவை வெறும் காய்ச்சி வடித்த நீரில் போட்டால் நீர் உள்ளே பாய்ந்து வெடித்துவிடும். உப்பு மிகுந்த நீரில் போட்டால் சுருங்கும். ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் திரவத்தில் 0.9 சதவீதம் உப்பு சேர்ப்பது இந்த இரண்டும் நேராமல் இருக்கத்தான். கரைபொருள் அதிகமுள்ள பக்கத்துக்கு நீர் நகரும் இந்த நிகழ்வுதான் சவ்வூடு பரவல்.

ஆனால் சிறுநீரகம் போன்ற இடங்களில் நீர் போகும் வேகத்துக்கு வெறும் கசிவு போதாது. ஏதோ வாசல் இருக்க வேண்டும் என்று பல காலம் சந்தேகப்பட்டார்கள். பீட்டர் ஆக்ரே வேறொன்றைத் தேடும்போது சிவப்பணுவில் ஒரு புரதம் தட்டுப்பட்டது. அதன் வேலை தெரியவில்லை. 1992-இல் அவரது குழு அந்தப் புரதத்தைச் செய்வதற்கான ஆர்என்ஏவை ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லுக்குள் செலுத்தியது. தவளை முட்டை இயல்பாகக் குளத்து நீரில் கிடந்தாலும் உப்பாது. புரதம் சேர்ந்த முட்டைகளை நீர்த்த கரைசலில் போட்டதும் சில நிமிடங்களில் பெருத்து வெடித்தன. பக்கத்தில் சாதாரண முட்டைகள் அசையாமல் கிடந்தன. அக்குவாபோரின் என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாசல் வழியாக வினாடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் வரிசையாகப் போகும். 2003-இல் ஆக்ரேவுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பொட்டாசியம் வாசலில் அதைவிடச் சிறிய சோடியம் ஏன் நுழைய முடிவதில்லை?

பொட்டாசியம் அயனிகளுக்கும் சவ்வில் தனிப் புரத வாசல் உண்டு. அதைச் சல்லடை என்று நினைத்தால் இது புதிர்தான். பெரியது போகிறது, சிறியது நிற்கிறது!

விடை வாசலின் கழுத்தில் இருக்கிறது. பொட்டாசியம் அயனி உள்ளே வரும்போது தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் ஏற்படும் நட்டத்தை யாராவது ஈடுகட்ட வேண்டும். அந்தக் குறுகிய கழுத்தின் உட்சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் வளையம் வளையமாக அமைந்திருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் பொட்டாசியத்தைச் சூழ்ந்திருந்த அதே தூரத்தில் இந்த ஆக்சிஜன்கள் அதைச் சூழ்ந்துகொள்ளும். பொட்டாசியத்துக்கு வீடு மாறினதே தெரியாது. சோடியம் சிறியது என்பதால் எல்லா ஆக்சிஜன்களையும் ஒரே நேரத்தில் எட்ட முடியாது. நீரைக் கழற்றிய நட்டம் ஈடாகாது. எனவே அது தன் நீர்ச்சட்டையோடு வெளியிலேயே நின்றுவிடும்.

பத்தாயிரம் பொட்டாசியம் போனால் ஒரு சோடியம் தப்பித்தவறிப் போகும், அவ்வளவு கறார். அதே வாசல் வினாடிக்குப் பத்துக் கோடி அயனிகளை விடவும் செய்கிறது. ரோடெரிக் மெக்கின்னன் 1998-இல் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் வாசலை அணு அணுவாகப் படம்பிடித்துக் காட்டியபோதுதான் இது தெளிவானது. ஆக்ரேவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவர்தான்.

சோடியம்-பொட்டாசியம் பம்ப் எதற்கு? அவ்வளவு ஆற்றலைச் செலவழிப்பது வீண்தானே?

நம் செல்களுக்கு வெளியே ஒரு லிட்டரில் சுமார் 145 மில்லிமோல் சோடியம் இருக்கிறது, உள்ளே 12 அளவில்தான். பொட்டாசியம் தலைகீழ்: உள்ளே 140, வெளியே 4. எந்தச் சவ்வும் முழுக்கக் கசிவற்றது இல்லை. சோடியம் உள்ளே வந்துகொண்டே இருக்கும், பொட்டாசியம் வெளியே போய்க்கொண்டே இருக்கும். பம்ப் என்பது சவ்வில் பதிந்த ஒரு புரதம். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் அது மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பது மாதிரி முடிவில்லாத வேலை. நாம் சும்மா படுத்திருக்கும்போது செலவாகும் ஆற்றலில் கணிசமான பங்கு இதற்கே போகிறது.

வீண் இல்லை. இறைப்பதை நிறுத்தினால் உள்ளே உப்பு சேரும், உப்பைத் தொடர்ந்து நீர் வரும், செல் உப்பும். ரத்த ஓட்டம் தடைபட்ட மூளைத் திசு வீங்குவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இன்னொரு லாபம், மின்சாரம். உள்ளே நிறைந்த பொட்டாசியம் தனக்கான வாசல்கள் வழியே கொஞ்சம் கசிவதால் செல்லின் உட்புறம் எதிர்மின் பக்கம் சாய்கிறது. நரம்பு செல்லில் இது சுமார் 70 மில்லிவோல்ட். சின்ன எண் என்று தோன்றும். 5 நானோமீட்டர் தடிமனுக்குக் குறுக்கே என்று கணக்குப் போட்டால், சென்டிமீட்டருக்கு 1,40,000 வோல்ட்! காற்றில் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் தாண்டினாலே பொறி பறக்கும். இந்த மின்னழுத்தத்தைத் திடீரெனக் குலைத்து மீண்டும் நிமிர்த்துவதுதான் நரம்புத் துடிப்பு. இந்த மின்னழுத்தத்தைப் பம்ப் நேரடியாக உண்டாக்குகிறது என்று பலர் எழுதுகிறார்கள். நேரடிப் பங்கு சிறியது. பம்ப் வேறுபாட்டைக் கட்டிக்காக்கிறது, மின்னழுத்தம் பெரும்பாலும் பொட்டாசியம் கசிவால் வருகிறது.

டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் நண்டுக் காலின் நரம்புகளை அரைத்து இந்தப் பம்பைக் கண்டுபிடித்தார். நோபல் பரிசு வந்தது 1997-இல், நாற்பது ஆண்டுகள் கழித்து.

வயிற்றுப்போக்குக்கு உப்போடு சர்க்கரையும் சேர்த்துக் கொடுப்பது ஏன்?

குடல் செல்லின் சவ்வில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. அது இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் கதவைத் திருப்பும். இப்படி இணைந்து போவதை ராபர்ட் கிரேன் 1960-இல் முன்வைத்தார். காலராவில்கூட இந்தக் கடத்தி பெரும்பாலும் கெடாமல் இருக்கும். குளுக்கோஸோடு சோடியம் உள்ளே போனால் நீரும் பின்தொடரும். வெறும் தண்ணீரோ வெறும் உப்புநீரோ அந்த அளவுக்கு உதவாது.

பெரிய பொருட்கள் எந்த வாசலில் நுழையும்?

எந்த வாசலிலும் இல்லை. சவ்வே உள்நோக்கிக் குழிந்து, பொருளைச் சுற்றி மூடி, ஒரு பையாகக் கிள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். மேலே சொன்ன கொலஸ்ட்ரால் துகள்கள் செல்லுக்குள் போவது இப்படித்தான். அவற்றைப் பிடிக்கும் ஏற்பிப் புரதம் பிறவியிலேயே பழுதானால் துகள்கள் ரத்தத்திலேயே தங்கி, சின்ன வயதிலேயே மாரடைப்பு வரலாம். இதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு. இன்சுலின் போன்றவை வெளியே போவது இதன் எதிர்த்திசையில்: பை வந்து சவ்வோடு கலந்து வாய் திறக்கும்.

ரத்த வகைக்கும் சவ்வுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சிவப்பணுச் சவ்வின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலியின் நுனிதான் ரத்த வகை. நுனியில் அசிட்டைல்கேலக்டோசமின் இருந்தால் ஏ, கேலக்டோஸ் இருந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, எதுவும் சேராவிட்டால் ஓ. இத்தகைய சர்க்கரைகள் வெளிப்பக்கத்தில் மட்டுமே இருக்கும். சவ்வின் இரண்டு முகமும் ஒன்றல்ல. பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு நேர்மாறாக உட்பக்கத்திலேயே இருக்கும். செல் சாக முடிவெடுத்தால் அது வெளிப்பக்கம் வந்துவிடும். துப்புரவு செல்களுக்கு அதுதான் "என்னை விழுங்கலாம்" என்ற அடையாளம்.

சோப்பு வைரஸைக் கொல்வது எப்படி?

கொரோனா, இன்புளூயன்சா போன்ற வைரஸ்களுக்கு மேலே ஒரு கொழுப்புச் சவ்வு உண்டு. அது அவை முன்பு தொற்றிய செல்லிடமிருந்து கிளம்பும்போது சுருட்டிக்கொண்டு வந்தது. சோப்பு மூலக்கூறுகள் அதற்குள் நுழைந்து அடுக்கைக் கலைத்துவிடும். போலியோ, நோரோ வைரஸ்களுக்கு இந்தச் சவ்வே கிடையாது. அவற்றை நீரோடு தேய்த்துக் கழுவி அகற்றுவதில்தான் பலன், கையில் தடவும் ஆல்கஹால் திரவம் அவ்வளவாகப் பலிக்காது.

சவ்வு செல்லைச் சுற்றி மட்டும்தானா?

இல்லை. செல்லுக்குள் இருக்கும் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, எண்டோபிளாச வலை எல்லாவற்றுக்கும் சவ்வு உண்டு. பல செல்களில் வெளிச்சவ்வு மொத்தச் சவ்வில் சிறு பங்குதான். செய்யும் வேலையைப் பொறுத்துக் கலவையும் மாறும். நரம்பைச் சுற்றி மின்காப்பாக இருக்கும் மையலினில் பெரும்பகுதி கொழுப்பு. ஆற்றல் உற்பத்தி நடக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எடையில் சுமார் முக்கால் பங்கு புரதம்.

சவ்வு கிழிந்தால் செல் செத்துவிடுமா?

சின்ன ஊசித்துளை என்றால் தானே மூடிக்கொள்ளும். தண்ணீர் ஒதுக்கும் வால்களுக்கு ஓரம் பிடிக்காது என்று சொன்னேனே, அதே காரணம். முட்டைச் செல்லுக்குள் ஊசியால் விந்தணுவைச் செலுத்திச் செயற்கைக் கருத்தரிப்பு செய்ய முடிவது இதனால்தான். கொஞ்சம் பெரிய கிழிசல் என்றால் வெளியிலிருந்து கால்சியம் உள்ளே பாயும். அதையே அபாயமணியாக எடுத்துக்கொண்டு உள்ளிருக்கும் பைகள் ஓடிவந்து ஒட்டுப்போடும்.

புதுச் சவ்வு எங்கிருந்து வருகிறது?

பழைய சவ்விலிருந்து. எண்டோபிளாச வலையின் சவ்வில் இருக்கும் நொதிகள் புதுக் கொழுப்பைச் செய்து அங்கேயே செருகும். பிறகு பைகளாகப் பிரிந்து மற்ற இடங்களுக்குப் போகும். செல் பிரியும்போது இரண்டு பங்காகிறது. டிஎன்ஏவில் புரதங்களுக்கான குறிப்பு இருக்கிறது, சவ்வை வெறுமையிலிருந்து எழுப்புவதற்கான குறிப்பு இல்லை. உங்கள் செல்களின் சவ்வு உங்கள் தாயின் முட்டைச் செல்லின் சவ்வு விரிந்து விரிந்து வந்தது, அது அவருடைய தாயினுடையதிலிருந்து.

அப்படியானால் முதல் சவ்வு?

1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. டேவிட் டீமர் அதிலிருந்து கரிமப் பொருட்களைப் பிரித்தெடுத்து நீரில் கலந்து பார்த்தார், 1985-இல் வெளியிட்டார். உயிர் எதுவும் தொடாத அந்தப் பொருட்கள், நுண்ணோக்கியின் கீழ், தாமாகவே மூடிய சின்னச் சின்னக் குமிழிகளாக மிதந்துகொண்டிருந்தன.